கழுதை ஓட்டிய மடத் தலைவி

பலகையில் வாழும் புனிதர்கள் – 9

சென்ற வாரம் பேஷா நகரத்தில் இருக்கும் புனித பிரான்சிஸின் ஓவியப் பலகையோடு நிறுத்தியிருந்தோம். 1226இல் பிரான்சிஸ் இறந்தார். 1228இல் போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். 1235இல் பொனவெந்தூரா பெர்லிங்கியேரி பலகையை வரைந்து முடித்துவிட்டார். ஒன்பதே ஆண்டுகளில் எல்லாம் ஆயிற்று. பிரான்சிஸ் கண்மூடிய அதே 1226இல், வட இத்தாலியில் ஃபயென்சா என்ற ஊரில் ஒரு செல்வந்தர் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. ரோசனேசே என்று பெயரிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பலகை உண்டு. ஆனால் ரோமின் ஒப்புதல் வந்து சேர்ந்தது 1720இல். அதாவது அவர் இறந்து 410 ஆண்டுகள் கழித்து. அதுவரை அவரைப் புனிதராகவே நிறுத்தி வைத்திருந்தவர்கள் அவருடைய மடத்துப் பெண்கள். அவர்கள் கையில் இருந்த சாட்சிகளில் பெரியது இந்தப் பலகை.

புளோரன்ஸின் உஃபிசி காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். வரைந்தவர் சியன்னா நகரத்து பியெத்ரோ லொரென்சேத்தி. நடுவில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு துறவி நிற்கிறார். முக்காட்டின் மேல் ஆட்டுத்தோலைப் போர்த்தியிருக்கிறார். கையில் புத்தகம். காலடியில், குழந்தை அளவுக்குச் சிறிதாக, ஒரு கன்னிகை மண்டியிட்டிருக்கிறார். பின்னணி முழுக்கப் பொன். துறவியின் இரு புறமும் கீழும் சிறு சிறு காட்சிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழ உயரம். உச்சியில் நற்செய்தி எழுதிய நால்வர். அடிவரிசையில் வட்டங்களுக்குள் இயேசு, மரியாள், மற்றப் புனிதர்கள். பீடத்தின் மேல் இந்த அடுக்கு முழுதாக நின்ற காலத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பொன் அசைய அசைய, காட்சிகளுக்குள் இருக்கும் ஆட்களும் அசைவதுபோல் தோன்றியிருக்கும்.

நடுப் படத்தின் கீழே லத்தீனில் ஒரு வாசகம் இருக்கிறது. இவை அருளாளர் உமில்தாவின் அற்புதங்கள், இவர் இந்த மடத்தின் முதல் தலைவி, நிறுவியவரும் இவரே, உடல் இந்தப் பீடத்தில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். துதியோ மன்றாட்டோ இல்லை. நிலப் பத்திரம் எழுதுகிறவர் எல்லை குறிப்பதுபோல, ஆள் யார், பதவி என்ன, உடல் எங்கே என்று எழுதி முடித்திருக்கிறார்கள். அதோடு இருந்த ஆண்டைப் பிற்காலத்தில் யாரோ திருத்திவிட்டதால், பாணியை வைத்தே காலம் கணிக்கிறார்கள்: 1330களின் பிற்பகுதி, அல்லது 1340ஐ ஒட்டி.

ரோசனேசேதான் உமில்தா. மடத்தில் சேர்ந்தபோது எடுத்துக்கொண்ட பெயர் அது. அவருடைய வாழ்க்கையை மொத்தம் 13 காட்சிகளில் லொரென்சேத்தி சொல்லியிருக்கிறார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று பிடிபடும். எந்தக் காட்சியும் வெறும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. ஊரில் யாராவது இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள், கேள்வியில் கொஞ்சம் விஷமும் இருந்திருக்கும். அதற்குரிய பதில் பலகையில் இருக்கிறது.

முதல் கேள்வி கணவனைப் பற்றியது. உகொலோத்தோ என்பவரை ரோசனேசே மணந்தபோது வயது 15. பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் சிசுவிலேயே இறந்தன. ஒன்பது ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பிறகு கணவர் கடும் நோயில் விழுந்தார். இனித் தாம்பத்தியம் கூடாது, மீறினால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ரோசனேசே பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். கணவன் மனைவி இருவரும் மனமொத்தால் மட்டுமே துறவறம் போகலாம் என்பது அக்காலத் திருச்சபைச் சட்டம். ஒருவர் விட்டு ஓடினால் மற்றவர் வழக்குப் போட்டு இழுத்து வரலாம். ஆகவே பலகையின் முதல் காட்சியில் மனைவி கணவனிடம் பேசி இணங்க வைக்கிறார். அடுத்த காட்சியில் கணவரும் துறவாடை வாங்குகிறார். 1250இல் இருவரும் ஃபயென்சாவுக்கு அருகில் சாந்தா பெர்பேத்துவா மடத்தில் சேர்ந்தார்கள். அது ஆணும் பெண்ணும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்த மடம். கணவருக்கென்று பலகையில் இவ்வளவு இடம் ஒதுக்கியிருப்பதை முதலில் பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். புனிதையின் கதையில் அவருக்கு என்ன வேலை? வேலை இருக்கிறது. அவர் சம்மதித்தார் என்று சாட்சி சொல்லத்தான் அங்கே நிற்கிறார்.

மூன்றாம் காட்சி சாப்பாட்டுக்கூடத்தில். மடங்களில் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது, ஒருவர் மட்டும் உயரத்தில் நின்று நல்ல புத்தகம் ஒன்றை வாசிக்க வேண்டும். உமில்தாவுக்கு எழுத்து தெரியாது. தெரியாது என்று தெரிந்தே, ஒரு விளையாட்டுக்கு, சகோதரிகள் அவரை வாசிக்கச் சொன்னார்கள். அவர் மறுக்காமல் ஏறிப் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். அவ்வளவு ஆழமான சொற்கள் வந்தனவாம். பிறகு அதே புத்தகத்தில் எவ்வளவு தேடியும் அவை கிடைக்கவில்லையாம். லொரென்சேத்தி நீள மேசையைப் போட்டு, கன்னியரை வரிசையாக உட்கார வைத்து, உமில்தாவை உயரத்தில் நிறுத்தியிருக்கிறார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைப் பார்த்தால், கேலி செய்யலாம் என்று கூடியவர்கள் எப்படி அடங்கிப்போனார்கள் என்பது விளங்கும். அற்புதத்தை நம்புகிறவர் நம்பட்டும். அதன் பின் உமில்தாவுக்கு எழுத்து சொல்லித்தர ஆள் போட்டார்கள் என்று அவருடைய பழைய வரலாறு சேர்த்துச் சொல்கிறது. எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் சுவையாக இருக்கிறது.

அடுத்தது உண்மையிலேயே சங்கடமான இடம். வாக்குக் கொடுத்துச் சேர்ந்த மடத்தை விட்டு உமில்தா ஓர் இரவில் வெளியேறினார். அனுமதி கேட்கவில்லை. வாக்குக் கொடுத்த துறவி அப்படிப் போவது திருச்சபைச் சட்டப்படி பெரிய குற்றம். பிடித்துக்கொண்டுவந்து தண்டிக்க இடமுண்டு. இதைப் பலகையில் எப்படிக் காட்டுவது? மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. பூட்டிய மடத்திலிருந்து அவர் எப்படியோ வெளியே வந்து, லமோனே ஆற்றைக் கால் நனையாமல் கடந்து, மறுகரையில் புனித கிளாராவின் கன்னியர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறார். ஆறே வழிவிட்ட பிறகு மடத் தலைவியின் அனுமதி எதற்கு?

ஆனாலும் கிளாரா மடத்தில் அவர் தங்கவில்லை. அவர் தேடியது இன்னும் இறுக்கமான தனிமை. ஃபயென்சாவில் வல்லொம்ப்ரோசா சபைத் துறவிகளின் புனித அப்பொலினாரே கோவில் இருந்தது. அதன் சுவரை ஒட்டி ஒரு சிற்றறை கட்டிக்கொண்டு உள்ளே போனார்; வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். திறப்பு என்று இருந்தவை இரண்டு சிறு சன்னல்கள்தான். ஒன்று கோவிலுக்குள் திறந்தது. திருப்பலி பார்க்கவும் நற்கருணை வாங்கவும் அது. மற்றொன்று தெருப்பக்கம், யாராவது ரொட்டி கொடுத்தால் வாங்க, அறிவுரை கேட்டு வருகிறவர்களோடு பேச. இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள். கீரிப்பிள்ளை ஜாதிச் சிறு பிராணி ஒன்று கழுத்தில் மணியோடு வந்து அந்த அறையில் அவருக்குத் துணையாக இருந்ததாம். கணவர் உகொலோத்தோவும் பழைய மடத்தை விட்டு வல்லொம்ப்ரோசா சபையிலேயே வந்து சேர்ந்தார். மனைவியைப் பின்தொடர்ந்து துறவறம் மாறிய கணவர்கள் சரித்திரத்தில் அதிகம் இல்லை.

வல்லொம்ப்ரோசா பற்றி ஒரு வார்த்தை. புளோரன்ஸுக்குக் கிழக்கே மலைக்காட்டில் 11ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி குவால்பெர்த்தோ தொடங்கிய சபை அது. பெனடிக்ட் ஒழுங்கை முன்னிலும் கறாராகக் கடைப்பிடித்தது. 1215இன் லாத்தரன் பொதுச்சங்கம் புதிய துறவற ஒழுங்குகளுக்குத் தடை போட்டிருந்ததால், மடம் தொடங்க நினைக்கிற யாரும் ஏற்கெனவே உள்ள ஒரு சபையின் நிழலில்தான் தொடங்க முடியும். உமில்தாவின் பலகையில் ஒரு துறவியின் அழுகிய கால் ஏன் வருகிறது என்று புரிய இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வல்லொம்ப்ரோசா துறவி ஒருவருக்குக் கால் அழுகிவிட்டது. வெட்ட வேண்டும் என்றார்கள் வைத்தியர்கள். அவர் சம்மதிக்காமல், தன்னை உமில்தாவிடம் தூக்கிப் போகச் சொன்னார். அவர் சிலுவை அடையாளம் போட்டார்; கால் தப்பியது. ஊரில் எத்தனையோ பேர் நோயாளிகளாக வந்திருப்பார்கள். பலகையில் இடம்பிடித்தவர் வல்லொம்ப்ரோசா துறவி. 1266இல் அந்தச் சபையின் தலைவர் கேட்டுக்கொண்டபடி உமில்தா அறையை விட்டு வெளியே வந்து, ஃபயென்சாவுக்கு அருகே சபையின் முதல் பெண்கள் மடத்தைத் தொடங்கினார். அவர் வெளியேறிய அன்றே மணி கட்டிய பிராணியும் போய்விட்டதாகக் கேள்வி.

அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஃபயென்சா விடவில்லை. குவெல்ஃப், கிபெல்லின் என்ற இரு கட்சிகளின் பகை அந்த வட்டாரத்தையே தின்றுகொண்டிருந்தது. 1280 நவம்பரில் தெபால்தெல்லோ என்பவன் பழைய கோபம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள, ஊர் தூங்கும் நேரத்தில் நகர வாயிலைப் பகைவருக்குத் திறந்துவிட்டான். தாந்தே இவனைத் தன் நரகத்தின் அடித்தட்டில், துரோகிகள் உறைந்து கிடக்கும் பனியில் சேர்த்திருக்கிறார். அடுத்த ஆண்டு உமில்தா சில சகோதரிகளோடு அப்பென்னைன் மலைகளைத் தாண்டி புளோரன்ஸ் புறப்பட்டார். நற்செய்தியாளர் யோவான் காட்சி தந்து போகச் சொன்னார் என்பது மடத்தின் கதை. ஊர் போர்க்களமாகிக் கிடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டியதுதான். அப்போது உமில்தாவுக்கு வயது 55.

புளோரன்ஸ் அன்று பெரும் பணம் புரளும் நகரம். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. மதிலுக்கு வெளியே முன்யோனே ஓடைக்கு அருகில் இடம் கிடைத்தது. கட்டுவதற்குக் கல் வாங்கப் பணமில்லை. ஆற்றுப்படுகையில் கிடந்த கற்களைப் பொறுக்கிக் கழுதை மேல் ஏற்றினார். 1282இல் அங்கே யோவான் பெயரில் மடம் எழுந்தது. இந்தக் காட்சிதான் பலகையிலேயே என்னைப் பிடித்து நிறுத்துவது. ஒரு பக்கம் சுமை ஏற்றிய கழுதை, அதோடு உமில்தா. மறுபக்கம் கொத்தர்கள் சுவர் எழுப்புகிறார்கள். இதில் அற்புதம் எதுவும் இல்லை. ஆறு பிளக்கவில்லை, வானத்திலிருந்து தூதர் இறங்கவில்லை. கல் கனமாக இருக்கிறது, கழுதை நடக்கிறது, சுவர் ஏறுகிறது. ஒரு புனிதையின் பீடப் படத்தில் கட்டட வேலையை இவ்வளவு உலகாயதமாக வரைந்து வைத்திருப்பது அபூர்வம்.

அற்புதம் இல்லாத இந்தக் காட்சியைப் பீடத்தில் ஏற்றியதற்கு வலுவான காரணம் இருந்தது என்று நினைக்கிறேன். உமில்தா இறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1298இல், போப் எட்டாம் பொனிஃபேஸ் ஒரு சட்டம் போட்டார். ‘பெரிகுலோசோ’ என்று தொடங்கும் அந்த ஆணையின்படி, எந்தச் சபையானாலும் சரி, கன்னியர் மடத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வெளியார் உள்ளே போகவும் கூடாது. கொடிய தொற்றுநோய் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. மடத்து நிலம், வாடகை, வழக்கு என்று எதற்கும் தலைவியே நேரில் போக முடியாத நிலை வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த கன்னியர்தான் நாற்பது ஆண்டுகள் கழித்து இந்தப் பலகைக்கு முன்னால் மண்டியிட்டார்கள். அவர்கள் அன்றாடம் பார்த்தது யாரை? ஒரு மடத்திலிருந்து இன்னொரு மடத்துக்கும், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கும் ஓயாமல் நடந்த பெண்ணை. நகர வாசலுக்குத் தோழியரோடு வந்து சேர்ந்து, ஆற்றங்கரையில் கழுதை ஓட்டியவரை. 13 காட்சிகளில் எத்தனையோ இடங்களில் உமில்தா நடந்துகொண்டே இருக்கிறார். தங்களுக்கு மறுக்கப்பட்ட நடையைப் பீடத்தின் மேல், திருச்சபை கேள்வி கேட்க முடியாத இடத்தில், பொன் பூசி வைத்துக்கொண்டார்கள். அதைக் கலகம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் தற்செயல் என்று சொன்னால் ஏற்கவும் மாட்டேன்.

அடுத்து வருவது போதனை. பெண் சபையில் பேசக் கூடாது என்பது பவுலடியாரின் கட்டளையாக எல்லோருக்கும் தெரியும். உமில்தாவோ லத்தீனில் மறையுரைகள் சொல்லி எழுத வைத்தார். அவற்றில் பல இன்றும் நம் கையில் இருக்கின்றன. மத்திய கால இத்தாலியில் ஒரு பெண்ணின் பெயரில் மறையுரைத் தொகுப்பு கிடைப்பதே அரிது. அதில் அவர் தன்னுடைய காவல் தூதர்கள் இருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்: சபியேல், இமானுவேல். கூடப்பிறந்தவர்களிடம் உரிமையோடு பேசும் தொனி. பலகையில் அவர் சொல்லச் சொல்ல ஒரு கன்னிகை எழுதுகிறாள். உமில்தாவின் காதருகே புறா. பேசுவது பெண் அல்ல, தூய ஆவி என்பது அந்தப் புறாவின் வேலை. புறாவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுப் பாருங்கள்: ஒரு பெண் சொல்கிறாள், இன்னொரு பெண் எழுதுகிறாள், அறையில் ஆண் யாரும் இல்லை.

நோய் தீர்த்த காட்சிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சகோதரி ஒருவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் நிற்காமல் கொட்டுகிறது. மருத்துவம் பலிக்காத இடத்தில் உமில்தா குணமாக்குகிறார். மற்றது உமில்தாவின் சொந்தக் காய்ச்சல். ஆகஸ்ட் மாதம், புளோரன்ஸின் ஆகஸ்ட் வெயில் பேர்போனது. படுக்கையில் கிடந்தவர் பனிக்கட்டி வேண்டும் என்றார். இந்த மாதத்தில் எங்கே போவது என்று கேட்டார்கள். கிணற்றில் போய்ப் பாருங்கள் என்றார். ஒருத்தி வாளியை இறக்கி இழுத்தாள், பனிக்கட்டி வந்தது. ஓவியர் கிணற்றடியையும் படுக்கையறையையும் ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். எடுத்தவள், கொண்டு போனவள், வாங்கிக்கொண்டவர் என்று கதை இடத்தோடு நகர்கிறது.

இந்தக் கலையில் லொரென்சேத்திக்கு நிகர் அன்று மிகச் சிலரே. 1342 தேதியிட்ட அவருடைய ‘மரியாளின் பிறப்பு’ சியன்னாவில் இருக்கிறது. மூன்று பாகமாகப் பிரித்த சட்டத்தின் தூண்களையே வீட்டின் தூண்களாக்கி, பின்னால் ஒரே அறையை நீள விட்டிருக்கிறார். அதற்கான பயிற்சி இந்தச் சிறு காட்சிகளில் நடந்துகொண்டிருக்கிறது. மாடிப்படி, வளைவு, கதவு, சன்னல், ஒவ்வொன்றுக்கும் ஆழம் உண்டு. ஆட்கள் வீட்டுக்கு முன்னால் ஒட்டப்பட்டவர்களாக இல்லாமல் வீட்டுக்குள் புழங்குகிறார்கள்.

பலகை தயாராகும் விதமும் அன்று ஒரு பெரிய வேலை. பாப்லர் மரத்தை அறுத்து இழைத்து, மேலே துணி ஒட்டி, சுண்ண மாவையும் விலங்குத் தோலில் காய்ச்சிய பசையையும் கலந்து அடுக்கடுக்காகப் பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். காய்ந்ததும் தேய்த்துத் தந்தம்போல வழவழப்பாக்க வேண்டும். பொன் வரும் இடத்தில் செம்மண் குழம்பு. அதன்மேல் மூச்சுப் பட்டாலே பறக்கும் பொற்றகட்டை வைத்து, வழவழப்பான கல்லாலோ விலங்குப் பல்லாலோ மெருகேற்றுவார்கள். வண்ணப்பொடியை முட்டை மஞ்சள் கருவில் குழைப்பது கடைசியில். அது சட்டென்று உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் மாதிரி இழுத்துக் கலக்க முடியாது. மெல்லிய தூரிகையால் கோடு கோடாகப் போட்டுத்தான் கன்னத்துக்கு உருட்சி கொண்டுவர வேண்டும். முகத்துக்கு முதலில் பூசுவது பச்சை மண். அதன்மேல் வெளிர் சிவப்பு. காலப்போக்கில் மேல்பூச்சு தேய்ந்தால் பச்சை எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்துப் பலகைகளில் சில மாதாக்கள் காமாலை வந்தவர்போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு செலவு செய்து, வெளியூர்க்காரரான ஒரு பெரிய ஓவியரை அமர்த்த இந்த மடத்துக்கு என்ன அவசரம்? 1338ஐ ஒட்டிய புளோரன்ஸைப் பற்றி ஜொவான்னி வில்லானி தன் வரலாற்றில் ஒரு கணக்கு கொடுக்கிறார். ஊரில் சுமார் 90,000 பேர். பெண்கள் மடங்கள் 24, அவற்றில் சுமார் 500 பேர். போதாக்குறைக்கு பிரான்சிஸ், டொமினிக் சபைகளின் பிரம்மாண்டமான கோவில்கள். தானம் கொடுக்கும் கைகள், மகளை மடத்தில் சேர்க்கும் பெற்றோர், உயில் எழுதும் வணிகர்கள் எல்லோருமே எதைப் பார்த்து வருவார்கள்? மற்ற மடங்களில் பழைய புனிதர்களின் எலும்புத் துண்டு இருக்கும். இவர்களிடம் முழு உடலே இருந்தது. 1310 மே 22இல் உமில்தா இறந்தார். அடுத்த ஆண்டே உடலை வெளியே எடுத்து மரியாதைக்கு வைத்தார்கள். ஆனால் புனிதர் பட்டம் கொடுக்கும் உரிமை 1234இலிருந்து போப்பாண்டவருக்கு மட்டுமே உரியது. ரோமில் வழக்கு நடத்தப் பணமும் ஆளும் வேண்டும். மன்னர்களுக்கும் பெரிய சபைகளுக்கும் அது கைகூடும். கழுதையில் கல் சுமந்து கட்டிய மடத்துக்கு முடியாது. ஆகவே வாசகத்தில் ‘புனிதர்’ என்று எழுதவில்லை, ‘அருளாளர்’ என்ற அளவில் நின்றார்கள். மற்றபடி ஒரு புனிதருக்குப் பலகையில் என்னென்ன வைப்பார்களோ அத்தனையும் வைத்தார்கள். இறுதிச் சடங்குக் காட்சிகூட உண்டு. உடலைச் சுற்றிக் கூட்டம் கூடி நிற்கிறது.

இதே மடத்தைப் பற்றி இன்னொரு கதை உலவுகிறது. அதைச் சொன்னவர் 16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி. பஃபல்மாக்கோ என்ற குறும்புக்கார ஓவியர் இந்த மடத்துக் கோவில் சுவர்களில் படம் எழுத வந்தாராம். அழுக்கு உடையில் வந்தவரை எடுபிடி என்று நினைத்து, மேஸ்திரி எப்போது வருவார் என்று கன்னியர் நச்சரித்தார்கள். அவர் ஒரு தண்ணீர்ச் சாடியை உயரத்தில் வைத்துத் தொப்பியும் மேலங்கியும் மாட்டிவிட்டார். தட்டி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தவர்கள் மேஸ்திரி வந்துவிட்டார் என்று பல நாள் திருப்தியாக இருந்தார்களாம். பிறகு, முகங்கள் வெளுத்திருக்கின்றன என்று குறை சொன்னபோது, திருப்பலிக்கு வைத்திருக்கும் நல்ல வெர்னாச்சா ஒயினைக் கலந்தால் கன்னம் சிவக்கும் என்றார். அவர்களும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சிவந்தது பஃபல்மாக்கோவின் கன்னம். நல்ல கதைதான், நானும் சிரித்தேன். ஆனாலும் மடத்துப் பெண்கள் என்றால் ஏமாளிகள் என்ற வசதியான நினைப்பு அந்தக் காலத்து ஆண்கள் எழுதிய கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 13 காட்சிகளில் தங்கள் தலைவியின் சட்டச் சிக்கல் ஒவ்வொன்றையும் அவிழ்த்து வைக்கச் சொன்னவர்களும் அந்த வீட்டுக்காரர்களே.

வசாரி எழுதியபோது மடமே இல்லை. 1529இல் பேரரசரின் படை புளோரன்ஸை முற்றுகையிட்டது. மதிலைச் சுற்றியிருந்த கட்டடங்களுக்குக் கேடு காலம் பிறந்தது. 1534இல் அலெஸ்ஸாந்த்ரோ தே மெதிச்சி தன் ஆட்சியை ஊர் மேல் அழுத்தி வைக்க ஒரு கோட்டை எழுப்பினார். இன்று ஃபொர்த்தெஸ்ஸா தா பாஸ்ஸோ என்ற பெயரில் கண்காட்சிகள் நடக்கும் அந்தக் கோட்டை, உமில்தாவின் மடம் இருந்த இடத்தை விழுங்கிவிட்டது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் இன்னும் ‘வியா ஃபயென்சா’ என்று பெயர். ரயில் நிலையத்துக்கு அருகில் மலிவு விடுதிகள் நிறைந்த தெரு அது. கன்னியர் தலைவியின் உடலோடும் பலகையோடும் கடைசியில் ஊருக்குக் கிழக்கே சான் சால்வி மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஆந்த்ரேயா தெல் சார்த்தோவின் கடைசி இராவுணவு இருந்தது. முற்றுகைக் காலத்தில் அந்தக் கட்டடத்தை இடிக்க வந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துக் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள் என்பார்கள்.

1720இல் போப் பதினோராம் கிளெமெண்ட் உமில்தாவின் வணக்கத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டார். நானூறு ஆண்டு வேலையை முடித்த பலகைக்கு அதன் பிறகுதான் கெட்ட நேரம். மடங்கள் கலைக்கப்பட்ட காலத்தில் பீடத்தை விட்டு இறங்கி, சட்டம் கழன்று, துண்டு துண்டாகப் பிரிந்தது. 11 காட்சிகள் இன்று உஃபிசியில் நடுப் படத்தைச் சுற்றி மறுபடி பொருத்தப்பட்டிருக்கின்றன. மூக்கில் இரத்தம் வழிந்த சகோதரியும் ஆகஸ்ட் மாதத்துப் பனிக்கட்டியும் பெர்லின் ஓவியக்கூடத்துக்குப் போய்விட்டன.

லொரென்சேத்தியின் பெயர் 1348க்குப் பிறகு எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவருடைய தம்பி அம்ப்ரோஜோவுக்கும் அதே ஆண்டோடு கதை முடிகிறது. சியன்னாவுக்குக் கொள்ளைநோய் வந்த வருடம் அது. அந்த ஊரின் பட்டறைகளில் பாதி வரைந்த நிலையில் நின்ற பலகைகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)